17 எழுத்து... கூப்பிடுவதோ ‘ஃபேன்ஷா’! ஓர் அபூர்வ குடும்பப் பெயர் பிறந்த ஆற்றங்கரை

இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் ரயில் பாதையில் ஹால்ட்விசில் என்றொரு சின்ன ஊர் வரும். ரயில் நின்று விசில் அடித்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நீரோடைகள் கூடும் இடத்துக்கான பழைய சொல்தான் காலப்போக்கில் ‘விசில்’ ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது!

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சவுத் டைன் ஆற்றின் ஓரம் நிற்கிறது ஃபெதர்ஸ்டோன் கோட்டை. ஆங்கிலேயர்களையே திணறடிக்கும் ஒரு குடும்பப் பெயரின் பூர்வீகம் இதுதான்: ஃபெதர்ஸ்டோன்ஹா. ஆங்கிலத்தில் எழுத 17 எழுத்துகள் வேண்டும். ஆனால், பலர் உச்சரிப்பதோ வெறும் ‘ஃபேன்ஷா’!

ஃபெதர் என்றால் இறகுதானே? இங்கே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘நான்கு’. ‘ஸ்டோன்’ கல். மூன்று கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய கல்திட்டையைத்தான் ‘நான்கு கல்’ என்றார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடைசியில் வரும் ‘ஹா’, ஆற்றோரச் சமவெளி. நம் ஊர் பாஷையில் படுகை. ஆக, ‘நான்கு கல் படுகை’யைச் சேர்ந்தவர்கள் என்பதே இந்தப் பெயரின் பொருள்.

சொல்லிச் சொல்லி நடுவிலிருந்த அசைகள் தேய்ந்துபோயின. எழுத்து மட்டும் மாறவில்லை. ‘ஃபேன்ஷா’ என்று காதால் கேட்டால் கல்லும் தெரியாது, ஆறும் தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் ஊரே தெரியும். எழுதியபடியே உச்சரிக்கும் குடும்பங்களும் உண்டு.

இந்தப் பெயர்க்காரர்களில் ஒருவர் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டோன்ஹா. அமெரிக்க அரசின் முதல் நிலவியலாளராக வேலை பார்த்தவர். பின்னாளில் பிரான்ஸின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஆனார்.

1848-ல் பிரான்ஸில் புரட்சி வெடித்தது. முடிதுறந்த மன்னர் லூயி ஃபிலிப், கிருதாவை மழித்துக்கொண்டு மாறுவேடத்தில் அந்தத் துறைமுகத்துக்கு வந்தார். யாராவது அடையாளம் கண்டுகொண்டால் கதை முடிந்தது. இவர் மன்னரைத் தன் அங்கிள் போலவே வரவேற்று, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்.

மன்னருக்குக் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? ‘மிஸ்டர் ஸ்மித்’. இங்கிலாந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான். ஒருமுறை கேட்டால் மறக்க முடியாத பெயரைச் சுமந்தவருக்குத் தெரியாதா, ஒளிந்துகொள்ள எந்தப் பெயர் வசதி என்று!