பேட்டரியும் ஓர் அமானிதம்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் காடும் சீமைக்கருவேலமும் பரந்து கிடக்கின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையே நிழல் அரிது. வேண்டிய நேரத்தில் பேருந்து கிடைப்பது அதனினும் அரிது. மாலையில் சிற்றூர் மக்தபுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும், விடியுமுன் மல்லிகை மூட்டையுடன் சந்தைக்கு விரையும் விவசாயிக்கும், இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் அத்தாவுக்கும் மோட்டார் சைக்கிளே துணை.

அந்த வண்டியில் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கும் பொருள் பேட்டரி. செல்ஃப் எடுக்காத அன்றுதான் அதன் நினைவே வருகிறது. உடனே கடைக்குப் போய்ப் புதியது மாட்டுகிறோம். பழையதை யாரிடமோ தள்ளிவிடுகிறோம். இரண்டையும் யோசிக்காமலே செய்கிறோம். உரிய காலத்துக்கு முன்பே பேட்டரியைச் சாகவிடுவது வீண்விரயம். செத்த பேட்டரியை எங்கே போகிறதென்று பாராமல் கைகழுவுவது அதைவிடப் பெரிய தீங்கு. இவ்விரண்டையும் பற்றி நமக்குத் தெரிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஈய-அமில பேட்டரியை 1859-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை இன்றளவும் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். அறைக்குள் ஈயத் தகடுகள். அவை நீர் கலந்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது அப்படிவு கரைந்து, அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே நாட்கணக்கில் விட்டுவிட்டால், மென்மையாக இருந்த படிவு கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அது முழுதும் கரையாது. பெரும்பாலான பேட்டரிகள் வயதாகிச் சாவதில்லை. எடுத்த கடனைத் திருப்பிக் கொடுக்காததால் சாகின்றன.

முன்பெல்லாம் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து வண்டியைக் கிளப்பினோம். இன்று நிலைமை வேறு. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் நீங்கி, மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. சில வண்டிகளில் கிக்கரே இல்லை. ஆகவே பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும்.

நம் மண்ணில் அதற்குள்ள பகைகள்

முதற்பகை வெயில். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையினரின் பொதுக்கணக்கு. சித்திரை, வைகாசியில் வண்டியைப் பகல் முழுதும் வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளிருக்கும் நீர் வற்றும், தகடுகள் அரிக்கும். பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு வேப்பமர நிழல் இருந்தால் அங்கே நிறுத்துங்கள்.

இரண்டாவது, உப்புத் தண்ணீர். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது உவர்நீர். அதைப் பேட்டரியில் ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். கேன் தண்ணீரும் ஆகாது. குடிப்பதற்கு நல்லதெல்லாம் பேட்டரிக்கு நல்லதன்று. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, குறுந்தொலைவு ஓட்டம். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு என்று ஒவ்வொரு முறையும் செல்ஃப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டினால், எடுத்த மின்சாரம் திரும்பி ஏற அவகாசமே கிடைக்காது. கிக்கர் உள்ள வண்டியில், காலையில் முதல் முறை உதைத்தே கிளப்புவது நல்ல பழக்கம்.

நான்காவது, நம் குடும்பங்களுக்கே உரியது. மகன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறான். அவனுடைய வண்டி வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் இரண்டாண்டு நிற்கிறது. அத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. உம்மாவோ மகனின் நினைவாக அதைத் துடைத்து மட்டும் வைக்கிறார். பேட்டரி தானாகவே சிறுகச் சிறுக வடிந்து கெட்டிப்பட்டுவிடுகிறது. விடுமுறையில் வரும் மகனுக்கு முதற்செலவு அதுவே. புறப்படும் முன் பேட்டரியைக் கழற்றி, முழுதும் சார்ஜ் ஏற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடும்படி தம்பியிடம் சொல்லிச் செல்லலாம். இல்லையேல் பயன்படுத்துவோரிடம் வண்டியையே ஒப்படைக்கலாம்.

பராமரிப்பும் சார்ஜும்

மூடி திறக்கும் வகை பேட்டரியின் பக்கத்தில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு குறிகள் இருக்கும். கோடையில் மாதம் ஒருமுறை பாருங்கள். கீழ்கோட்டை நெருங்கினால் மேல்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றலாகாது, ஆவியாகிப் போனது நீர்தான், அமிலம் அன்று. முற்றிலும் மூடப்பட்ட பேட்டரியாயின் அதைத் திறக்க முயலவே கூடாது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்கு காயவிட்டு, வேஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். இந்த ஒழுங்கு தவறினால் ஸ்பேனர் வண்டியின் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நலம். வண்டியை நிறுத்திச் சில மணிநேரம் கழித்துப் பார்க்கையில் 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழென்றால் தாமதியாமல் சார்ஜ் போட வேண்டும்.

சார்ஜ் போடுவதில் பொறுமை தேவை. பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கே ஏற்ற வேண்டிய வேகம். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். முழுதும் இறங்கியிருந்தால் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். கார் பேட்டரிக்கான சார்ஜரில் இணைத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தகடு சூடேறி வளைந்துவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அது எளிதில் தீப்பற்றுவது. காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் பீடியும் அண்டாமல் வைக்க வேண்டும். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணாயின் கழுவியபின் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எப்போது மாற்றுவது?

"பேட்டரி போயிருச்சு பாய், மாத்திருங்க" என்று மெக்கானிக் சொன்னவுடன் பணத்தை எடுக்க வேண்டியதில்லை. முதலில் முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு செல்ஃப் பொத்தானை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். முழுச் சார்ஜிலும் 10-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் காலம் முடிந்தது எனலாம். இறங்காவிட்டால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுச் சற்று ஆக்ஸிலேட்டர் கொடுக்கையில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐக் கூடத் தொடவில்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜே வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; புதிய பேட்டரியையும் அது கொதிக்க வைத்தே கொல்லும்.

வாங்கும்போது தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் பெறுங்கள். கடையில் ஆசிட் ஊற்றித் தரும் வகையாயின், ஊற்றியபின் அரைமணி நேரம் ஊறவிட்டு, முதற்சார்ஜ் ஏற்றியே மாட்ட வேண்டும். விற்போராகிய நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். செத்த பேட்டரிக்குப் புது ஆசிட் ஊற்றிச் சில நாள் உயிர் காட்டி விற்பது, குறையை மறைத்து விற்பதாகும். அவ்வாறு வரும் காசில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

செத்த பேட்டரி எங்கே போகிறது?

இனி நாம் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது. பழைய இரும்புக் கடையைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பர். இன்றும் நம் சமுதாயத்தில் பலருக்கு இத்தொழிலே சோறு போடுகிறது. பிறர் எறிந்ததைத் திரட்டி மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் கண்ணியமான தொழில். ஆனால் பேட்டரி பழைய இரும்பைப் போன்றதன்று. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம், மிச்சத்தில் அமிலம்.

நாங்கள் ஓதிக் கொடுக்கச் செல்லும் சிற்றூர் ஒன்றில், கண்மாய்க் கரையின் கருவேல மறைவில் ஒருவர் பேட்டரிகளை உடைப்பதைக் கண்டோம். அமிலத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு, தகடுகளைப் பிரித்து, தகர டப்பாவில் உருக்கிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அவருடைய பிள்ளைகள் அந்த மண்ணிலேயே விளையாடினர். நாங்கள் எடுத்துச் சொன்னபோது, "பத்து வருசமா இதான் அஜ்ரத் பொழப்பு. எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். அவருக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான்: ஈயம் பெரியவர்களை விடப் பிள்ளைகளையே முதலில் தாக்கும், உள்ளே போகும் ஈயத்தை அவர்கள் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அந்தக் குவியல் கரையின் மறுபக்கத்திற்கு நகர்ந்திருந்தது.

இது வெறும் அச்சமன்று. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டக்கார் அருகேயுள்ள தியாரோய் சுர் மேர் என்னும் கடலோரக் குடியிருப்பில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர். முதலில் காரணம் புலப்படவில்லை. ஆய்ந்தபோது, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணே காரணம் என்று தெரிந்தது. இறந்தவர்கள் நம்மைப் போலவே உழைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் கலந்திருக்கிறது. அவர்களுள் பாதியளவினர் தெற்காசியாவில் வாழ்கின்றனர். முறையற்ற பேட்டரி உடைப்பு அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகளே கூறின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்தின. பயன்படுத்தியதைக் குப்பையில் கலக்காமல் உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை என்றும் அவை சொல்கின்றன.

செய்ய வேண்டியது எளிது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை முழுதாகக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உடைப்பவர் சில ரூபாய் கூடத் தருவார்; அந்தக் கூடுதல் ரூபாய்க்கு விலை கொடுப்பவை அவருடைய பிள்ளைகளும் கண்மாயில் நீர் குடிக்கும் ஆடுகளும். காயலான் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பேட்டரியை வாங்கலாம். ஆனால் உடைக்காமல், சாய்க்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே அனுப்புங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலின் இன்வெர்ட்டர் பேட்டரியும் இதே இனம், பன்மடங்கு பெரியது. அது வக்ஃபுப் பொருள். அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதினால் மட்டும் பொறுப்பு தீராது. எங்கே சேர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிமிடம் இதை அறிவித்தால் நூறு வீடுகளுக்குச் சென்று சேரும்.

அந்தக் கரையோரச் சகோதரரிடம் நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவருக்கு வேறு பிழைப்புக்கு வழிகாட்டுவதும் ஜமாஅத்தின் கடமையே. அவருடைய மூத்த மகன் எங்கள் மக்தபில் ஓதுகிறான். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை. அந்த நினைவாற்றலை அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் கையால் யாருடைய பிள்ளைக்கும் தீங்கு நேராமல் நம்மைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.