எற்பாட்டுக் கரை

நெய்தல் திணைக்குரிய சிறுபொழுது எற்பாடு எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. எல் என்பது கதிரவன். பாடு என்பது படுதல். இப்பொருளை வகுப்பறையில் எழுதிப்போடுவது எளிது. ஆயினும், பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குக் கதிரவன் படுவதைக் காணும் வாய்ப்பு வாய்க்கவில்லை. நாற்புறமும் பால்மரங்கள். மாலை என்பது அம்மரங்களுக்கிடையே வெளிச்சம் வற்றிப்போவது; அவ்வளவே. அடிவானம் எங்களுக்குப் பாடநூற் சொல்லாகவே இருந்தது.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில்தான் முதன்முறையாகப் பங்கோர்த் தீவுக்குச் சென்றேன். ஈப்போவிலிருந்து லூமுட் வரை பேருந்து, அதன்பின் படகு. அன்று தொடங்கிய விருப்பம் இன்றும் தணியவில்லை.

தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ளது தெலுக் நீப்பா. மணற்பரப்பு முடியுமிடத்தில் குன்றின் கருங்கற்பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. உடைந்து வீழ்ந்த துண்டுகளை அலைகள் உருட்டி உருட்டிக் கூழாங்கற்களாக்கியுள்ளன. அங்கே கடையில்லை, கூச்சலில்லை. அலை பின்வாங்கும்போதெல்லாம் கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். இருவாட்சிப் பறவைகள் காட்டுக்குத் திரும்பும்.

1982ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. ஆதலால், ஏழு மணிக்குப் பின்னரே பொழுது சாய்கிறது. நிலநடுக்கோட்டை அடுத்த நாடாகையால் கதிரவன் ஏறக்குறைய நேராகவே நீரில் இறங்குவான். செம்மை படர்ந்ததும் இருள் விரைந்து சூழும். அச்சிறு பொழுதில் பேசத் தோன்றுவதில்லை.

என் பாட்டனார் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். 1926 முதல் 1973 வரை தமிழரை ஏற்றிவந்த கப்பல் அது. சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலில் எழுந்து நிலத்தில் மறைவான். "கப்பல் நகர்ந்தபோது பொழுது நம் ஊர்ப்பக்கம் போய் விழுந்தது" என்று பாட்டனார் சொல்வார். அவர் திரும்பிச் செல்லவேயில்லை. பங்கோரில் நான் காணும் கதிரவன் மலாக்கா நீரிணையில் மறைகிறான். அதற்கப்பால் சுமத்திரா, அதற்கும் அப்பால் வங்கக்கடல், அதன் மறுகரையில் அவர் விட்டுவந்த ஊர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை எனக்கு உரைநூல்களினும் தெளிவாக உணர்த்தியது அக்கரையே.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. நம் மாணாக்கர் நகரத்துப் பிள்ளைகளாகிவிட்டனர். அவர்களுக்குத் திணையும் பொழுதும் தேர்வுக்குரிய பட்டியலாகச் சுருங்கிவிடுமோ என்னும் அச்சம் எனக்குண்டு. ஆசிரியப் பெருமக்களே, நெய்தலை விளக்குமுன் ஒருநாள் மாலை அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்களின்மேல் அமர்த்தி, மேற்கு நோக்கச் செய்யுங்கள். கதிரவன் மறைந்தபின் 'எற்பாடு' என்னும் சொல்லை ஒருமுறை சொல்லுங்கள். நெய்தல் தம் நாட்டிலும் உள்ள நிலமே என்பதை அவர்கள் தாமே அறிந்துகொள்வர்.