பழைய தண்ணீரின் கறை

பல் மருத்துவம் படித்தபோது, பொது சுகாதாரப் பல் மருத்துவத் துறையில் போஸ்டிங் விழுந்தால் எங்கள் பேட்ச்சில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு நோயாளி, சரிசெய்ய வேண்டிய ஒரு பல், இவ்வளவுதான் மருத்துவம் என்றிருந்த என் மனசை மாற்றியது தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாம்.

ஜன்னலோரம் பெஞ்சைப் போட்டு, பிள்ளைகளை வெளிச்சம் பார்த்து உட்கார வைத்தோம். பஞ்சால் முன்பற்களைத் துடைத்தால் சிலருக்குச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடுகள், பலருக்குப் பழுப்புத் திட்டுகள். ஓரிருவருக்கு எனாமலே குழி விழுந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல, தோழி கறையின் தீவிரத்தை வகைப்படுத்தும் டீன் குறியீட்டின்படி எழுதிக்கொண்டே வந்தாள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயைக் கையால் பொத்தியபடியே பேசினாள்.

"செங்கல் தூள் வெச்சுத் தேய்ச்சும் போகலக்கா."

தேய்த்தால் போகிற அழுக்கல்ல அது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் ஏற்பட்ட குறை. "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றதும் கையை எடுத்தாள்.

எங்கள் பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவங்கல்லாம் கைக்குழந்தையா இருந்தப்ப எந்தத் தண்ணி குடிச்சாங்க?"

எபிடமியாலஜி எனக்குப் புரியத் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். வீடு வீடாக விசாரித்தோம். கிணறுகள் வற்றிப்போக, ஆழமான போர்வெல் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள். அளவு மீறினால் இந்தக் கறையை உண்டாக்கும் ஃப்ளோரைடு, பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தாறு வயதுவரை அம்மாவின் ஊரில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பையன் ஒருவனுக்குப் பற்கள் பளிச்சென்றிருந்தன. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று காட்டிவிட்டான்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. "காவேரித் தண்ணி வந்தும் பல்லு அப்படியேதானே இருக்கு?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்தான். ஆனால் நிரந்தர முன்பற்களின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். முளைப்பது ஆறு வயதுக்குமேல். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல் அதன் குழந்தைப் பருவத்துத் தண்ணீரைத்தான் காட்டும். கறை தானாகவும் மறையாது. அதனால் ஊரில் கறையுள்ளவர்களின் மொத்தக் கணக்கு பல வருடங்களுக்குச் சட்டென்று இறங்காது. முதலில் குறைவது புதிதாகக் கறை படுபவர்களின் எண்ணிக்கை. அதைப் பார்க்க ஏழாம் வகுப்புக்குப் போகக் கூடாது, மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்து ஓக்லி என்ற ஊரில் இது நடந்திருக்கிறது. 1920களில் ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரின் குழாய்த் தண்ணீரை விட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறிய சில வருடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணம் ஃப்ளோரைடு என்று தெரிந்ததோ 1931இல்தான்.

உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான் குடிநீர் என்றால், கைக்குழந்தையும் இருக்கிறதென்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைப் பார்த்துவிடுங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.