யார் வீட்டுக் குப்பை?

குப்பை விஷயத்தில் பினாங்கு பெருமைப்பட்டுக்கொள்ளக் காரணங்கள் உண்டு. 2009 ஜூலையில், திங்கட்கிழமைகளில் மட்டும் நெகிழிப் பை இலவசமில்லை என்று தொடங்கிய மாநிலம், 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்றாக்கியது. 2007ஆம் ஆண்டின் கூட்டரசுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ்ச் சேராமல், தன் இரு மாநகர் மன்றங்களைக் கொண்டே குப்பையைக் கவனித்துக்கொள்கிறது. 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்து, மறு ஆண்டு ஜூனில் அதைக் கட்டாயமாக்கியது. மறுசுழற்சி விகிதம் 40 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. நாட்டின் சராசரி அதற்குக் கீழேதான். ஆனால் குப்பைமேட்டுக்குப் போகாமல் தப்பியது எவ்வளவு என்பதைத்தான் இந்த விகிதம் சொல்லும். தப்பியது என்ன பொருளாயிற்று, அதை யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லாது. பிரிப்பதில் காட்டும் அக்கறையை வாங்குவதிலும் காட்டாதவரை மறுசுழற்சி பாதி வழியில்தான் நிற்கும். அதே சமயம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அந்த நல்லெண்ணமே நமக்கு எதிராகத் திரும்பவும் கூடும்.

மறுசுழற்சி என்பது அடிப்படையில் ஒரு வியாபாரம். மன்றம் காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் உலோகத்துக்கும் ஆரஞ்சு என்று தொட்டிகளை வைத்தாலும் வைக்காவிட்டாலும், ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரிக்காரர் தாமானுக்குள் வரத்தான் செய்கிறார். பழைய தாளுக்கு வாங்க ஆளிருக்கிறது என்பதே காரணம். பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மூடா காகித ஆலைக்குப் பழைய தாள்தான் மூலப்பொருள். அதிலிருந்து அட்டைப்பெட்டிக்கான காகிதம் பிறக்கிறது. அலுமினிய டின்னின் கதையும் இதுவே: தாதுவிலிருந்து எடுப்பதைவிட உருக்கி எடுப்பதற்கு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்த எரிசக்தி போதும் என்பதால் அதற்கு எப்போதும் விலை உண்டு. சூ சி அறநிறுவனத்தின் தொண்டர்கள் குந்தி உட்கார்ந்து பிரித்துக் கட்டும் தாளும் டின்னும்கூட, விற்றால்தான் அறப்பணிக்குப் பணமாகும். வாங்க ஆளிருக்கும் பொருளுக்குப் பிரசாரம் தேவைப்படுவதில்லை. ஆளில்லாத பொருள், எவ்வளவு அழகாகப் பிரித்தாலும், கடைசியில் நிபோங் தெபால் அருகே புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கே போய்ச் சேரும். அந்த மேடு 2022 ஜனவரியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்து, சுற்றுவட்டாரத்தை மூச்சுத் திணற வைத்தது.

நெகிழியில்தான் கணக்கு சிக்கலாகிறது. 2018 ஜனவரியில் சீனா தன் கதவை மூடியதும் பணக்கார நாடுகளின் நெகிழிக் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. பினாங்குத் துறைமுகத்திலும் கொள்கலன்கள் குவிந்தன. 2020 ஜனவரிக்குள் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அரசாங்கம் பட்டர்வொர்த்தில் அறிவித்தது. உள்ளூரிலேயே மலைபோல் நெகிழி கிடக்க, ஆலைகள் ஏன் கடல் தாண்டி வாங்கின? வெளியிலிருந்து வந்ததில் ஒரு பகுதி காய்ந்ததாக, ஒரே வகையாக, மொத்தமாகக் கிடைத்தது. நம் வீட்டு நெகிழியோ குழம்பும் எண்ணெயும் ஒட்டி, சோற்றோடு கலந்து வருகிறது. அதைக் கழுவிப் பிரிக்கும் செலவைவிட அந்நியக் குப்பை மலிவாகப் போய்விட்டது.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் ஒன்று எழுகிறது. மறுசுழற்சிப் பொருளை நாம் தேடித் தேடி வாங்கினால் ஆலைகளுக்குக் கிராக்கி கூடும், அவை இன்னும் அதிகக் குப்பையை இறக்குமதி செய்யும் அல்லவா? செய்யும். 2025 ஜூலை முதல் நெகிழிக் கழிவு இறக்குமதிக்கு விதிகள் இறுக்கப்பட்டிருந்தாலும் ஆசை அறவே போய்விடாது. அதனால்தான் ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்ற ஒரு வரியோடு நாம் திருப்தி அடையக் கூடாது. மைஹிஜாவ் போன்ற முத்திரை பொருளின் பசுமைத் தரத்துக்குச் சாட்சி சொல்லலாம். அது யார் வீட்டுக் குப்பை என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் உள்ளூர்க் குப்பையைக் கழுவிப் பிரிக்க ஆலைக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஆலை கேட்டால்தான் வீட்டில் தயிர் டப்பாவை அலசிப் போடுவதற்கும் பொருள் இருக்கும்.

விலை கூட, தரம் குறைவு என்பது அடுத்த ஆட்சேபம். எண்ணெய் விலை சரியும்போது புது நெகிழி மலிவாகி, பழையதை உருக்கியது விலை போகாமல் நிற்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பொருளையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. கோப்பு அட்டை, அட்டைப்பெட்டி, கழிவறைத் தாள் ஆகியவற்றில் பழைய தாள் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. போத்தலிலிருந்து நெய்த சட்டை அப்படியல்ல. அது மறுபடி போத்தலாவது அரிது. துவைக்கத் துவைக்க நுண்ணிழையும் உதிர்க்கும். எது திரும்பத் திரும்பச் சுழலுமோ அதற்கு முதலிடம், ஒருமுறை உருமாறி அதோடு முடிவதற்குக் கடைசி இடம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசைக்கும் முன்னால் நிற்பது உருக்காமலே கைமாறும் பொருள்: சௌராஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகங்கள், லோரோங் கூலிட்டின் பழம்பொருள் கடைகள். எஸ். எம். முகமது இட்ரிஸ் பல்லாண்டு வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நுகர்வைக் குறைக்கச் சொல்லி வந்ததும் இதனால்தான். பசுமைச் சட்டை என்பதற்காக நாலாவது சட்டை வாங்கினால் அது வெறும் நாலாவது சட்டைதான். எப்படியும் வாங்கியே தீர வேண்டிய பொருளுக்குத்தான் இந்த வாதம் பொருந்தும்.

ஒரு வீடு வாங்கி என்ன ஆகப்போகிறது, உற்பத்தியாளர் அல்லவா பொறுப்பேற்க வேண்டும் என்பார்கள். பொறுப்பு அவர்களுக்கும் உண்டு, அதைச் சட்டமாக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் வரும்வரை நாம் ஒற்றை வீடுகளாகவே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தாளும் கோப்பும் வாங்குகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. தட்டும் கோப்பையும் மொத்தமாக வந்திறங்குகின்றன. கழுவிப் பயன்படுத்தும் தட்டுக்குப் பந்தல்காரர்களும், உள்ளூர்ப் பழைய தாளில் செய்த தாளுக்குப் பள்ளிகளும் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் அது வியாபாரி செவிமடுக்கும் அளவு. அவர் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். கொள்முதல் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை.