ஆயா கேட்ட பனையேறி

மேல்நாடுகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மரங்களெல்லாம் பொன்னிறமாகி இலையுதிர்க்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். நம் தாம்பரத்தில் அந்தக் காட்சியைக் காண முடியாது. ஆனால் நமக்கும் அக்காலத்துக்கென்று ஓர் அழகு உண்டு. ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர் காலம்' என்று நம் முன்னோர் அழைத்தனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. அங்கே இலை உதிரும்போது இங்கே ஏரி நிரம்புகிறது.

அப்படிப்பட்ட ஓர் ஐப்பசிச் சனிக்கிழமையன்று நாங்கள் சேலையூர் ஏரிக்கு மீன் பிடிக்கச் சென்ற கதையை இங்கே எழுதுகிறோம். 'நாங்கள்' என்றால் நான், இதே பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை, ஆறாம் வகுப்புத் தம்பி ஆகிய மூவர். எங்களுக்குத் தலைவர் எங்கள் தாத்தா.

நாங்கள் விளையாட்டாகப் போகவில்லை. எங்கள் ஆயாவுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். காய்ச்சல் விட்டும் வாய்க்கசப்பு விடவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. "உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க அத்தை" என்று அம்மா ஒரு நாள் கெஞ்சினார். ஆயா கண்ணைத் திறக்காமலே, "பனையேறிக் கெண்டை கிடைச்சா புளி கரைச்சுக் குழம்பு வைம்மா. ரெண்டு வாய் சாப்பிடறேன்" என்றார். மூன்று வாரத்தில் ஆயா தாமாகக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அப்பா மார்க்கெட்டில் இரண்டு நாள் தேடினார். வஞ்சிரம் இருந்தது, சங்கரா இருந்தது, வளர்ப்புக் குளத்துக் கட்லாவும் ரோகுவும் இருந்தன. பனையேறி மட்டும் இல்லை. "அந்தக் காலத்தில் நம்ம ஏரியிலேயே நான் பிடிச்சிருக்கேன்" என்றார் தாத்தா. அவ்வளவுதான்! நாங்கள் மூவரும் அவரைப் பிடித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை. விடியற்காலையில் கொல்லைக் குழாயடியில் ஈர மண்ணைக் கிளறி, ஒரு டப்பா நிறைய மண்புழு சேர்த்தோம். தாத்தா பரணிலிருந்து மூன்று மூங்கில் கழிகளை இறக்கி, தங்கூசி நரம்பைக் கட்டினார். ஈயக்குண்டு பழைய டப்பாவில் இருந்தது. தக்கைக்கு என்ன செய்வது? தம்பியின் அறுந்துபோன ரப்பர் செருப்பை வெட்டித் தக்கையாக்கினோம். அம்மா இட்லியைப் பொட்டலம் கட்டித் தந்து, "தண்ணியில் இறங்கக் கூடாது" என்று பத்து முறை சொல்லி அனுப்பினார்.

ஏரிக்கரையில் காற்று சில்லென்று வீசியது. வானம் மூடிக்கிடந்தது. ஆகாயத் தாமரை படர்ந்த இடங்களை விட்டுவிட்டு, நாணல் ஓரமாக இடம் பார்த்தார் தாத்தா. "கெளுத்திக்குத் தக்கையை ஏத்திக் கட்டணும், புழு தரையைத் தொடணும். பனையேறிக்கு ஓரத்துப் புல்லுக்குள்ளே ஆழமில்லாம விடணும். பேசக் கூடாது" என்றார். பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் எவ்வளவு கடினம் என்பதை எங்கள் வகுப்பாசிரியைகள் அறிவார்கள்!

ஒரு மணி நேரம் ஆயிற்று. தக்கை அசையவே இல்லை. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் திகைத்து நின்ற புனித பேதுருவை நினைத்துக்கொண்டோம். தங்கை உதடு அசையாமல் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

முதலில் அகப்பட்டவை நான்கு ஜிலேபிக் கெண்டைகள். தம்பி குதித்தான். ஆனால் தாத்தாவின் முகம் மலரவில்லை. இந்த மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அதனால் குஞ்சுகள் வீணாவதில்லை. அழுக்கு நீரிலும் பிழைத்துக்கொள்ளும். இப்படிப் பெருகிப் பெருகி, நம் ஏரிகளில் நம்மூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஒரு கெளுத்தி. அதன் மீசையைப் பார்த்துத் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மீசை அழகுக்காக அன்று. கலங்கிய நீரில் கண் உதவாதபோது, மீசையால் தொட்டும் சுவைத்தும் இரையைத் தெரிந்துகொள்கிறது. தாத்தா "தொடாதே!" என்று சொல்லி முடிப்பதற்குள் தம்பி கையால் பிடித்துவிட்டான். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாகக் கெளுத்திக்கு மூன்று முட்கள். பக்கத்து முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. 'ஐயோ' என்று அவன் அலறிய அலறலில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. கரையோரத் தேநீர்க் கடையிலிருந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாங்கிவந்து, விரலை அதில் வைக்கச் சொன்னார் தாத்தா. கால் மணி நேரத்தில் வலி தணிந்தது. அதன்பின் தம்பி மீசைக்காரர் யாரையும் கேலி செய்வதில்லை.

பத்து மணி இருக்கும். தங்கையின் தக்கை ஒரு முறை துடித்து, பக்கவாட்டில் புல்லுக்குள் ஓடியது. "இழு!" என்றார் தாத்தா. கரையில் வந்து விழுந்தது எங்கள் உள்ளங்கை நீள மீன் ஒன்று. கறுத்த பச்சை நிறம், உரமான செதில்கள். அது மற்ற மீன்களைப் போலத் துள்ளவில்லை. செவுள் மூடியை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி, ஏரியை நோக்கி நடக்கத் தொடங்கியது! தாத்தா மண்டியிட்டு அதைப் பார்த்தார். "பனையேறிதான்" என்றார். அவர் குரல் வேறாக இருந்தது.

இந்த மீனைப் பற்றி எங்கள் அறிவியல் சிஸ்டர் பின்னர் சொன்ன செய்தியையும் இங்கே சேர்க்கிறோம். 1791-ஆம் ஆண்டு நம் தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனியைச் சேர்ந்த டால்டார்ஃப் என்னும் லெப்டினன்ட், குளத்தங்கரைப் பனைமரத்தில் நீர்மட்டத்துக்கு 5 அடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. பின்வந்த அறிஞர் பலர் மரமேறும் கதையை நம்பவில்லை. ஆனால் அது தரையில் நடப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதனால் காற்றை நேரே சுவாசிக்கிறது. நீரின் மேலே வந்து மூச்சு விட முடியாமல் தடுத்தால், மீனாக இருந்தும் மூச்சுமுட்டி இறந்துவிடுமாம்! மழை நாளில் ஒரு குட்டை வற்றினாலும் கெட்டாலும், ஈரத் தரையில் நடந்து வேறு நீரைத் தேடிப் போய்விடும்.

எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. ஆயா குழம்பு சாப்பிடுவதை அப்போதே கண்ணால் கண்டுவிட்டோம். ஆனால் தாத்தா மீனைக் கையில் எடுத்து, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். சற்றுத் தள்ளி, ஒரு கால்வாயிலிருந்து கறுப்பாக ஒரு நீர்க்கோடு ஏரியில் கலந்துகொண்டிருந்தது. மழைநீர் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"இதை உங்க ஆயாவுக்குக் கொடுக்க முடியாது. காய்ச்சல்லேர்ந்து எழுந்த உடம்பு. இது சாக்கடை குடிச்ச மீன்" என்றார் தாத்தா.

நாங்கள் அழாத குறைதான். நன்றாகக் கழுவிக்கொள்ளலாம், மஞ்சள் போடலாம், நன்றாகக் கொதிக்கவிடலாம் என்று என்னென்னவோ சொன்னோம். தாத்தா தலையை அசைத்தார். கெளுத்தியையும் கெண்டைகளையும் நீரில் விட்டோம். பனையேறியைக் கடைசியாகக் கறுப்புக் கோட்டுக்கு எட்டாத புல் ஓரத்தில் தங்கை விட்டாள். அது ஒரு கணம் நின்று, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, உள்ளே போயிற்று.

திரும்பும்போது தாத்தா எங்களை நேர்வழியில் அழைத்துச் செல்லவில்லை. அந்தக் கால்வாயை ஒட்டியே நடந்தார். போகும் வழியில் ஏரிகளைப் பற்றிச் சொன்னார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி கால்வாய்கள் உண்டு. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் உலகச் சிறப்புடைய ராம்சார் இடமாக அறிவிக்கப்பட்டது. நீர் போன வழியில்தான் மீனும் போயிற்று. அந்த வழியை அடைத்து வீடுகளும் சாலைகளும் எழுந்தன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, வழி தெரியாத நீர் வீடுகளுக்குள் வந்தது. அப்போது நாங்கள் சிறு குழந்தைகள். எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா மாடியேறியதாகச் சொல்வார்கள்.

பேசிக்கொண்டே நடந்தோம். கால்வாய் ஒரு முடுக்கில் திரும்பியது, பிறகு ஒரு தெருவுக்குள் நுழைந்தது. தம்பிதான் முதலில் கவனித்தான். "தாத்தா, இது நம்ம தெரு!" என்றான். ஆம், எங்கள் தெருதான். வீட்டுக்கு வீடு ஒரு குழாய் அந்தக் கால்வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயும் அதில் ஒன்று. காலையில் நாங்கள் இட்லிப் பாத்திரம் கழுவிய சோப்பு நீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏரியைக் கெடுத்தவர்கள் யார் யார் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்த நாங்கள் வாயடைத்துப் போனோம்.

தெருமுனையில் மீன்கூடைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். கூடையில் சிறு கெண்டைகள் இருந்தன. தம்பி மெதுவாக, "இதை வாங்கிப் பனையேறின்னு சொல்லிடலாமா? ஆயாவுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே" என்றான். உண்மையைச் சொல்கிறோம். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஆயா இரண்டு வாய் சாப்பிட்டால் போதாதா? தாத்தாவைப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தீர்மானத்தை எங்களிடமே விட்டுவிட்டார். தங்கைதான், "நம்ம குழாயை இன்னைக்குத்தான் பார்த்தோம். அதுக்குள்ளே ஒரு பொய்யா?" என்றாள். வெறும் கையோடு வீட்டுக்குப் போனோம்.

ஆயாவின் கட்டிலருகே நின்று, நடந்ததை எல்லாம் சொன்னோம். மீன் கிடைத்ததையும், விட்டதையும், குழாயையும், கூடைக்கார அம்மாவிடம் வாங்கிவர நினைத்ததையும்கூட மறைக்கவில்லை. ஆயா கோபித்துக்கொள்வார், அல்லது அழுவார் என்று பயந்தோம். அவரோ தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நடந்துச்சா? தரையில் நடந்துச்சா?" என்று கேட்டார். தம்பி தரையில் படுத்து, முழங்கையை ஊன்றி, அது நடந்த மாதிரியே நடந்து காட்டினான். ஆயா சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரிப்பைக் கேட்டோம். அவர் சிறுமியாக இருந்தபோது முதல் மழையில் பனையேறிகள் வரப்பேறி வீட்டு வாசலுக்கே வரும் என்றும், பாவாடையை விரித்துப் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். "எல்லாம் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். இன்னும் இருக்குதா அது!" என்றார். பிறகு, "அந்த ரசத்தை ஊத்தி ரெண்டு வாய் சோறு கொண்டா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். ரசம் சோறுதான். ஆனால் தட்டு காலியாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அப்பாவும் தாத்தாவும் கொல்லையில் ஒரு குழி தோண்டினார்கள். நாங்கள் கூழாங்கல்லும் செங்கல் ஜல்லியும் மணலும் சுமந்து கொட்டினோம். சமையலறை நீரை அந்த உறிஞ்சு குழிக்குத் திருப்பி, பக்கத்தில் இரண்டு வாழைக்கன்றும் சேப்பங்கிழங்கும் நட்டோம். கால்வாயில் நீட்டிக்கொண்டிருந்த எங்கள் குழாயின் வாயைத் தாத்தா சிமெண்டால் அடைத்தார். எதிர்வீட்டு மாமா வந்து எட்டிப் பார்த்து, எவ்வளவு செலவாயிற்று என்று விசாரித்துச் சென்றிருக்கிறார்.

ஒரு குழாயை அடைத்ததால் ஏரி தெளிந்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் 2015-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இவ்வுலகை நம் எல்லோருக்கும் பொதுவான இல்லம் என்று குறித்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே, அந்த இல்லத்தின் கொல்லைப்புறம் எங்கே இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டோம். தோழியரே, உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு சிறு மீனே நல்ல நீரைத் தேடித் தரையில் நடக்கிறது. நமக்கோ இரண்டு கால்கள் இருக்கின்றன.

ஆயா இப்போது நலமாக இருக்கிறார். பனையேறிக் குழம்பு மட்டும் பாக்கி இருக்கிறது. "அவசரமில்லை, தண்ணி தெளியட்டும். நான் இருப்பேன்" என்கிறார். அவரை அதிக நாள் காக்க வைக்கக் கூடாது என்பதே எங்கள் மூவரின் செபம்.

— பத்தாம் வகுப்பு மாணவி