பார்க்கச் சொன்ன பாடம்



குன்னூரில் எங்கள் மதரஸாவின் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஓடை உண்டு. சென்ற மார்ச் மாதம் சூரத்துல் முல்கின் 19ஆம் ஆயத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மனிதர்கள் பார்ப்பதில்லையா என அல்லாஹ் வினவும் இடம் அது. ஒரு மாணவன் ஜன்னலையே பார்த்திருந்தான், கடிந்துகொண்டேன்.

"வாலாட்டி இன்னும் போகல, உஸ்தாத்" என்றான்.

மறுநாள் சுபுஹ் தொழுகைக்குப் பின் அவனே என்னை ஓடைக்கு அழைத்துச் சென்றான். மஞ்சள் வயிற்றுடன், வாலை ஓயாமல் ஆட்டியபடி, பாறைக்குப் பாறை தாவியது சாம்பல் வாலாட்டி. ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இப்பறவை, செப்டம்பர் வாக்கில் இமயத்திலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் வருகிறது. கூடு கட்டும் காலத்தில் திரும்பிவிடுகிறது. பக்கத்துச் சோலையில் நீலகிரிச் சிரிப்பான் குரல் கொடுத்தது. அதற்கு இம்மலையும் இதையொட்டிய உயர்மலைகளுமே உலகம். தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சோலைகளை இழந்து அவ்வுலகம் சுருங்கிவிட்டது.

இருபது ஆண்டுகளாக அந்த ஆயத்தை ஓதிக்கொடுத்த நான், அது பார்க்கச் சொன்னதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பார்த்தவனையோ கடிந்தேன். அன்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரலில் ஒரு காலை ஓடை வெறுமையாக இருந்தது. செப்டம்பருக்காகக் காத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஓதும் நேரத்தில் உங்கள் பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போனால், கடிவதற்கு முன் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.