சாவி யார் கையில்?

போன ஞாயிறு மத்தியானம் பையன் கோவையிலிருந்து போன் போட்டான். எஞ்சினியரிங் மூணாம் வருஷம். "அப்பா, ரெண்டு ப்ராசஸர் சண்டை போடுதுப்பா" என்றான். பி.காம். முடித்துவிட்டு 24 வருஷமாக பாங்கில் குப்பை கொட்டுகிறவனிடம் போய்! ஜபல்பூர் வெயிலில் வெளியே போகவும் வழியில்லை, சரி சொல்லுடா என்றேன்.

லேபில் பழைய பாண்டாபோர்டு ஒன்று. அதில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் 4 சிப். பெரிய ப்ராசஸரில் லினக்ஸ், சின்னதில் ஒரு குட்டி ஓஎஸ். சென்சாரைப் படிக்க ஐ-டூ-சி என்று இரண்டு கம்பி பஸ். அதை ஓட்டும் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் முகவரி எழுதிவிட்டு நிமிர்வதற்குள் இன்னொருவர் தன் முகவரியை எழுதிவிட்டால்? ஒரே சலானில் கணக்கு நம்பரை ஒரு ஆளும் தொகையை வேறு ஆளும் நிரப்பின கதைதான். தனித்தனி கன்ட்ரோலர்கள் ஒரே கம்பியில் மோதினால் யார் முந்தி என்று பஸ்ஸிலேயே தீர்ந்துவிடுமாம். கன்ட்ரோலரே பொது என்றால் அந்த வசதி கிடையாது.

பசங்க பொது மெமரியில் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 0 என்றால் காலி, பார்த்துவிட்டு 1 எழுதணும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு நொடித்துளி இருக்கே... இரண்டு பேரும் 0 பார்த்தார்கள், இரண்டு பேரும் உள்ளே!

இதற்கென்றே அந்தச் சிப்பில் 32 பூட்டுகள் இருக்கின்றன. ஹார்டுவேர் ஸ்பின்லாக் என்று பெயர். படித்தாலே போதும். 0 வந்தால் பூட்டு உன்னுது. படித்த அந்தக் கணமே அது 1 ஆகிவிடும். அடுத்து படிப்பவருக்கு 1 தான் கிடைக்கும். வேலை முடிந்ததும் 0 எழுதி விட்டுவிடணும். எந்த நம்பர் பூட்டு என்று இரண்டு பக்கமும் முன்னாடியே பேசி வைத்திருக்கணும். லினக்ஸில் இதற்கான ஏற்பாடு 2011-லேயே வந்துவிட்டது. வழக்கமான முறையில் பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது என்று விதியும் உண்டு.

"பூட்டை எடுத்தவன் நடுவுல செத்துப்போனா?" என்றேன். பையன் பேசவில்லை.

எனக்கு அது நடந்திருக்கிறது. 2016. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். கேஷ் க்ளோசிங் முடிந்த நேரம் தம்பி போன்: "அண்ணா, அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே வா." கிடைத்த வண்டியில் ஏறினேன். இடார்சி தாண்டி நாக்பூர் நோக்கிப் போகும்போது பாக்கெட்டில் கைவிட்டேன், சாவி!

மறுநாள் ஒண்ணாம் தேதி. பென்ஷன்காரர்கள் வாசலில். இறங்கித் திரும்பினால் அம்மாவைப் பார்க்க முடியாது. மேனேஜருக்கு போன் செய்து சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்னொரு கிளையில் சீல் வைத்திருந்த டூப்ளிகேட்டை, மேலிட அனுமதி வாங்கி எடுத்துவந்து திறந்தார்கள். திறந்ததும் பட்டுவாடா இல்லை. முழு கேஷையும் எண்ணினார்கள். மணி ஒன்று ஆகிவிட்டதாம்.

அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று நாள் இருந்தாள்.

பையன் சாயந்திரம் திரும்பக் கூப்பிட்டான். அந்தப் பூட்டில் 0, 1 தவிர யார் எடுத்தது என்ற குறிப்பே கிடையாதாம். மற்றவன் கொஞ்ச நேரம் காத்திருந்து, கிடைக்கவில்லை என்று எரரோடு திரும்பணும். உடைத்தும் திறக்கலாம், ஆனால் போனவன் எந்த இடத்தில் நிறுத்தினான் என்று தெரியாது. சென்சார் டேட்டா கம்பியை இழுத்துப் பிடித்தபடியே இருக்கலாம். கடிகாரக் கம்பியில் 9 துடிப்பு வரை கொடுத்து அதை விடுவித்து, கன்ட்ரோலரை ரீசெட் செய்த பிறகுதான் வேலை.

"எண்ணிப் பார்த்துட்டுதான் பேமென்ட்" என்றேன்.

"அதேதான்பா!"

அப்போது வந்த மெமோவின் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போட போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். முடியாது போடா என்றுவிட்டேன் :-)